குரோயிக் கல்லறைத் தோட்டம்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே! இங்கே நாங்கள் நலம். மகளுக்கு இன்வெர்னஸில் வேலை கிடைத்துவிட்டது. அந்தச் சாக்கில் நானும் ஸ்காட்லாந்தின் வடக்கே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சர்ச் என்றால் நீ விடமாட்டாய், அதனால் குரோயிக் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்ட்கை என்ற சிற்றூரிலிருந்து மேற்கே பத்து மைல், ஒற்றை வண்டிப் பாதை. சர்ச் ஒன்றும் பிரமாதமில்லை. 1820களில் அரசு பணம் கொடுக்க, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் மலைநாடெங்கும் ஏறக்குறைய ஒரே அச்சில் எழுப்பிய 32 சர்ச்சுகளில் இதுவும் ஒன்று. கட்டிய வருஷம் 1827.

விஷயம் கிழக்குச் சன்னலில் இருக்கிறது. சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகளில், வெளியே நின்று யாரோ கீறிய எழுத்துகள். ‘மே 24, 1845, க்ளென்கால்வி மக்கள் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்’ என்கிறது ஒன்று. இன்னொன்றில், ‘க்ளென்கால்வி மக்கள், பொல்லாத சந்ததி’.

பக்கத்துப் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் அவர்கள். ஆட்டுப்பண்ணைக்கு நிலம் வேண்டும் என்று காரியஸ்தர் ஜேம்ஸ் கில்லண்டர்ஸ் அவர்களை வெளியேற்றினார். நிலக்கிழாரோ பட்டாளத்தோடு ஆஸ்திரேலியாவில். குத்தகைப் பாக்கி ஏதும் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். ஏறக்குறைய 80 பேர், கைக்குழந்தைகள் உட்பட, கல்லறைகளுக்கு நடுவே கம்பு நட்டு, தார்ப்பாயும் கம்பளியும் போர்த்தித் தங்கியிருக்கிறார்கள். லண்டன் டைம்ஸ் நிருபர் நேரில் வந்து பார்த்து எழுதியதால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

சர்ச்சுக்குள் ஏன் போகவில்லை? கோயிலுக்குள் குடியிருப்பது பாவம் என்று நினைத்தார்கள் என்பார்கள். அதோடு, 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது ஊரில் பெரும்பாலோர் போதகர் குஸ்டாவஸ் ஏர்டின் பின்னே சுதந்திர சபைக்குப் போய்விட்டார்கள், ஆகவே கட்டடம் அவர்களுடையது இல்லை. நீ படித்த கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்திட்ட ஜான் ஆண்டர்சனும் மெட்ராஸில் இருந்தபடியே அதே பிளவில் சுதந்திர சபைப் பக்கம் போனவர்தானே!

‘பொல்லாத சந்ததி’ என்று எழுதியவர் தன் மக்களைத்தான் சொன்னாரா? வெளியேற்றம் பாவத்துக்குத் தண்டனை என்று மலைநாட்டில் சில போதகர்கள் அப்போது பிரசங்கம் செய்தார்கள். ஏர்ட் அப்படிப்பட்டவர் இல்லை, தன் மக்கள் பக்கம் நின்றவர். எனக்கென்னவோ அது குத்தலாகத்தான் படுகிறது, நம்மை இப்படித்தானே சொல்கிறீர்கள் என்கிற மாதிரி. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் உண்மையாகவே அப்படி நம்பினார்கள் என்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் இதே வாக்குவாதம்தான். அப்புறம், சர்ச்சுக்குப் பக்கத்திலேயே இரும்புக்காலக் கற்கோபுரம் ஒன்றின் இடிபாடும் கிடக்கிறது. மழை வலுத்ததால் அதை நின்று பார்க்க முடியவில்லை.

படங்கள் தனியாக அனுப்புகிறேன். கண்ணாடி எழுத்து சரியாக விழவில்லை, பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். யார் சொல்வது சரி என்று நீயே பார்த்து எழுது. பேரன் பேரையும் மறக்காதே.

அன்புடன்,
கதிரேசன்