மருந்தடித்த புல்லுக்கு மாட்டுக்காரரா பொறுப்பு?

பால் தரம் பார்க்கும் அதிகாரிகளுக்கும், பூச்சிக்கொல்லிக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாலில் மருந்து எச்சம் இருப்பதாகத் தெரிந்தால் கேன் திரும்பி வருவது எங்கள் வாசலுக்குத்தான். அந்த மருந்தை வாங்கியவரும் நாங்கள் இல்லை, அடித்தவரும் இல்லை.

மருந்தடித்து முடித்ததும் தெளிப்பானை வரப்போரத்தில் கழுவி ஊற்றுகிறார்கள். தண்ணீர் விழுந்த அந்த இடத்தில்தான் புல் பச்சைப்பசேலென்று நிற்கும், மாடும் நேரே அங்கேதான் போகும். அறுத்த வயலில் மேயவிட்டால், அடித்தாளில் என்ன மருந்து எப்போது விழுந்தது என்று சொல்ல ஆளில்லை. எப்போதோ தடை செய்த மருந்துகூட மண்ணில் கிடக்கிறது. குட்டைப் புல்லைக் கடித்து மேயும் மாடு மண்ணையும் சேர்த்தே விழுங்கும். டிடிடி, ஹெப்டாக்ளோர் போன்ற பூச்சிமருந்துகள் மாட்டின் உடம்புக் கொழுப்பில் தங்கி, பால் கொழுப்போடு இறங்குகின்றன. காய்ச்சினால் போகாது. வெண்ணெயிலும் நெய்யிலும் இன்னும் செறிவாகும்.

1982-இல் ஹவாயில் இதுதான் நடந்தது. அன்னாசிக்கு அடித்த ஹெப்டாக்ளோர், அதன் தழையை நறுக்கிப் போட்ட பசுக்களின் பாலில் வந்தது. விற்பனைக்குப் போன பாலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, பாலில் டிடிடிக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். கொழுப்பும் தண்ணீரும் பார்க்கும் கருவியில் இது அகப்படாது. ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

உண்ணி மருந்து பூசிவிட்டு, பால் விற்கக் கூடாத விலக்குக் காலம் முடியாமல் பால் ஊற்றுகிறவரைக் கேளுங்கள், அது நியாயம். ஆனால் பயிர் மருந்துப் புட்டியில் அறுவடைக்கு எத்தனை நாள் என்று போடுகிறீர்களே, மேய்ச்சலுக்கு எத்தனை நாள் என்பதை ஏன் எல்லாப் புட்டியிலும் போடக் கூடாது? அதையும் பொடி எழுத்தில் போட்டுப் பயனில்லை. அடித்தவர் வயலில் ஒரு சிவப்புத் துணியாவது கட்ட வேண்டும் என்று விதி செய்யுங்கள். எச்சம் கண்டால் பசுவோடு நிறுத்தாமல் தீவனத்தையும் மண்ணையும் எடுத்துப் பாருங்கள்.

பாலைக் கொட்டச் சொல்லும் அன்றே, மாற்றுத் தீனி என்ன, மறுபரிசோதனை எப்போது என்று எழுத்தில் தாருங்கள். கொழுப்பில் ஏறியது வடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கறக்காமலும் விட முடியாது, கறந்ததை விற்கவும் முடியாது. அந்த நாட்களின் தீனிச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாடு மேய்த்துப் பிழைப்பவன்