சுவருக்கு வண்ணம் வேண்டாம், ஆடுபுலித் திண்ணை கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையை அழகுபடுத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு வெறும் சுவரை. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரச் சுவர்களில் உப்பு ஏறியிருக்கிறது. ஈரம் காயும்போது அந்த உப்பு எமல்ஷனுக்கு அடியில் பூத்து, வண்ணத்தைத் தோல் தோலாக உரித்துவிடுகிறது. வரைந்தே ஆக வேண்டுமானால், பூத்த உப்பை முதலில் உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். பிறகு ஓரடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை.

என்னைக் கேட்டால் அந்தப் பணத்தைத் திண்ணையில் போடலாம். பழைய கோயில்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வெட்டியிருப்பார்களே, அதுதான் மாதிரி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் கட்டு. மேலே இரண்டு அங்குலக் கடப்பா கல். நடுவில் கட்டம், இரு புறமும் ஆள் உட்கார இடம். முக்கால் அங்குலக் கல் மலிவுதான். அடியில் கலவை நிரம்பாத இடத்தில் ஆள் உட்கார்ந்தால் விரிசல் விடும். கம்பி போட்ட கான்கிரீட் பெஞ்சும் வேண்டாம். உப்புக் காற்றில் கம்பி துருவேறி ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

கடப்பா அடுக்கடுக்கான கல். உளியை ஓங்கினால் ஏடு பெயரும். கட்டிங் மெஷினால் நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, முனைகளை மட்டும் உளியால் சரிசெய்ய வேண்டும். வெட்டும் முன் சாக்பீஸில் வரைந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்: 23 புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஆட்டுக்கு வழி அடைபடும். மூன்று புலிக்குக் கூழாங்கல், 15 ஆட்டுக்குப் புளியங்கொட்டை போதும். பிளாஸ்டிக் காய் வாங்கி வைத்தால் ஒரு வாரம் தங்காது.

வடசென்னைக்குக் கேரம்தானே என்பார்கள். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். ஆனால் ப்ளைவுட் பலகை வெளியில் கிடந்தால் ஈரம் குடித்து உப்பிவிடும், ஸ்ட்ரைக்கர் ஓடாது. அது கேரம் மன்றத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

திண்ணைக்கு இடம், நடைபாதையில் 1.8 மீட்டர் வழி விட்டு மிஞ்சுவதுதான். மழைநீர் வடிகால் மூடியின் மேல் கட்டினால், தூர்வார வரும்போது முதலில் இடிபடுவது அதுதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே காலி இடம் கண்ணை உறுத்தும். ஆனால் அங்கே போக வண்டிகளுக்குள் புகுந்தாக வேண்டும். ரேஷன் கடை, ஸ்டான்லி மருத்துவமனை வெளிப்புறம், ராயபுரம் ரயில் நிலைய வாசல் என மக்கள் காத்துக்கிடக்கும் இடங்களே பொருத்தம். கறுப்புக் கல் சித்திரை வெயிலில் சுடும். நிழலுக்குப் புன்னையோ பூவரசோ நடலாம், இரண்டும் உப்புக் காற்றைத் தாங்கும்.

மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் இடத்தை முடிவு செய்து, தை மாதத்தில் வேலையைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் கலவை நன்றாக இறுகிவிடும். ரயில்வே, துறைமுக நிலமென்றால் செங்கல் இறக்கும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை