மேல் வீடும் உன் வீடும்

அன்பு மகளுக்கு,

நேற்று வட்ஸ்அப்பில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் ஃபோனைப் பறித்துவிட்டாள். அப்புறம் கதை முழுக்க அவளுடைய ஆடுகிற பல்லைப் பற்றித்தான். நான் சொல்ல வந்தது அவசரத்தில் கதைத்து முடிக்கிற காரியமும் இல்லை. நீயும் மருமகனும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நாலாம் மாடி அன்ரியை உனக்குத் தெரியும்தானே, எங்கள் தலைக்கு நேர் மேல் வீடு. அவருடைய மகளுக்கு ஜூலை நடுப்பகுதியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. அவளும் உன்னைப்போலக் கனடாவில், ஸ்காபரோவில்தான், ஒரு பேஸ்மென்டில் இருக்கிறாள். படுக்கையறை ஒன்றுதான். அன்ரி, அங்கிள், இளைய மகன் மூன்று பேரும் போய் ஒரு மாதம் நிற்க வேண்டும். ஹோட்டல் வாடகையைக் கேட்டுவிட்டு அங்கிள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லையாம். சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழமை நிற்கலாம், ஒரு மாதம் நிற்க முடியுமா?

இனி உன் பக்கத்தைப் பார். போன டிசம்பரில் பத்து நாள் வந்தாய். காலி வீதி ஹோட்டலிலிருந்து காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாய். இரவு எட்டு மணிக்கு நித்திரையான சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு த்ரீவீலில் ஏறுவாய். எங்கள் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் படுக்க முடியாது, அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் கடைசி நாள் பெரியவன் என்னிடம், "அம்மம்மா, நீங்கள் விடிய எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?" என்று கேட்டான். பத்து நாள் வந்து நின்ற பேரனுக்கு நான் எத்தனை மணிக்கு எழும்புவேன் என்று தெரியவில்லை. நீங்கள் விமான நிலையத்துக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே கேட்கிறேன். ஜூலை 8 தொடக்கம் ஓகஸ்ட் 5 வரை உன் வீட்டில் அவர்கள் இருக்கட்டும், அவர்களுடைய வீட்டில் நீங்கள் இருங்கள். காசு கைமாற வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு ஜூன் கடைசியிலேயே பள்ளிக்கூடம் விட்டுவிடும். இங்கே வருகிறவர்களுக்குச் சுற்றுலா விசா 30 நாள், அதற்குள் இது அடங்கும்.

வீட்டை மாற்றிக்கொண்டு லீவுக்குப் போவது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பழக்கம் இல்லையாம். ஐரோப்பாவில் 1953இல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இன்டர்வாக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வீடுகளின் விபரத்தைப் புத்தகமாக அச்சடித்து அனுப்புவார்கள். பிடித்த வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். இதைத் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள் என்று அறிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் ரீச்சராக இருந்தவள். லீவு நிறைய, காசு கொஞ்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு 1992இல் அமெரிக்காவில் எட் குஷின்ஸ் என்பவர் ஹோம் எக்ஸ்சேஞ்சை ஆரம்பித்தார். இப்போது அங்கே புள்ளிக் கணக்கும் உண்டு: உன் வீட்டில் ஒருவர் வந்து நின்றால் உனக்குப் புள்ளி சேரும், அதை வைத்து நீ வேறொருவர் வீட்டில், வேறொரு மாதத்தில் நிற்கலாம். இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் இடம் மாற வேண்டும் என்றில்லை. நமக்குப் புள்ளி தேவையில்லை, திகதி தானாகவே பொருந்துகிறது. ஆனால் அவர்களுடைய ஒழுங்கு நமக்கும் வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள் பார், அதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முதலில் விருப்பமில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத குடும்பம் என்றால் ஒரு கண்ணாடி உடைந்தாலும் கணக்குத் தீர்த்துவிட்டு மறந்துவிடலாம். இவர்களோடு நாங்கள் தினமும் ஒரே லிப்டில் ஏறி இறங்க வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம் ஒரு கீறிய மேசையால் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார். இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பயத்துக்காக இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எதையும் வாயால் சொல்லி விடாமல் தாளில் எழுதுவோம் என்றேன். அதற்குச் சம்மதித்துவிட்டார்.

எனக்குள் இருந்த தயக்கம் வேறு. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிஸில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது உனக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா கண் காட்ட வந்தாலும் பதிவு. இரவு கதவு தட்டினால் அந்தப் பதிவுத் துண்டைத் தேடி எடுப்பதற்குள் கை நடுங்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. அந்த வருடம்தான் நீ வெளிநாடு போகிற யோசனையை வாய்விட்டுச் சொன்னாய், நானும் போ என்றேன். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் வேறொருவரை வீட்டில் படுக்க வைப்பது என்றால் எனக்கு நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளும். அன்ரிக்கும் அப்படித்தானாம். அவரே என் கையைப் பிடித்துச் சொன்னார். அப்படிப்பட்டவர் தன் வீட்டுத் திறப்பை உன்னிடம் தரச் சம்மதித்திருக்கிறார் பிள்ளை. இதை நீ சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதலில் சமையலறை. இதை அன்ரி உன்னிடம் வாய் திறந்து கேட்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அவர்கள் வீடு சுத்த சைவம். முட்டைகூட உள்ளே போவதில்லை. நீங்கள் அந்தக் குசினியில் மீனோ இறைச்சியோ சமைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நண்டுக்கறி வேண்டுமென்றால் கீழே என்னிடம் வாருங்கள், என்னுடைய மச்சச் சட்டியில் வைத்துத் தருகிறேன். உண்மையைச் சொன்னால் நீங்கள் கீழே வந்து சாப்பிட ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உன் பக்கத்தில், அவர்கள் வருவதற்கு முன் பிறிட்ஜையும் ஃபிரீசரையும் ஒழித்துக் கழுவி வை. உன் பழைய சட்டிகளைக் கட்டி மேலே போட்டுவிட்டு ஒரு சின்னச் செட் புதிதாக வாங்கி வை, தோசைக்கல் உட்பட. அந்தச் செலவை நான் தருகிறேன். புதுச்சட்டியைப் பார்த்தால் அன்ரிக்கு மனம் நிறைந்துவிடும்.

சாமியறையும் அப்படித்தான். மேல் வீட்டில் தினமும் விளக்கு எரியும். அவர்கள் இல்லாதபோது நான் போய் ஏற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்னவள் என்னோடு வந்து திரி போடப் பழகட்டும். அங்கே மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு அன்ரி துடக்கு என்று உன் சாமிப்படத்துப் பக்கம் போகாமல் இருக்கலாம். விளக்கு ஏற்றவில்லையே என்று நீ மனம் நோகக் கூடாது.

இன்சூரன்ஸ்காரருக்கு அறிவிப்பதை மறக்க வேண்டாம். ஒரு மாதம் வீட்டில் வேறு குடும்பம் இருக்கப் போகிறது, வாடகைக்கு இல்லை என்று எழுத்தில் அறிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கி வை. காரை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கிள் நல்லாக ஓட்டுவார், ஆனால் அவர் ஓடிப் பழகியது இடப்பக்கம். ஒரு விபத்து நடந்தால் யாருடைய இன்சூரன்ஸ் என்ற கேள்வி வரும். அவர்களுக்கு பஸ் போதும். உங்களுக்கு இங்கே த்ரீவீல் இருக்கிறது.

மின்சாரம்: இங்கே 230 வோல்ட், உங்களிடம் 120. உன் தலைமுடி காயவைக்கும் மெசினைக் கொண்டுவந்து சொருகிவிடாதே, கருகிவிடும். அன்ரி தன்னுடைய கிரைண்டரைக் கொண்டுபோகப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். ஃபோன் சார்ஜர்கள் பரவாயில்லை, இரண்டுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கும். இன்னொன்று, இங்கே கரண்ட் பில் படிப்படியாக ஏறும். மாதம் 180 யுனிட்டைத் தாண்டினால் கூடிய கட்டணம். அவர்கள் ஏசியை இரவில் மட்டும்தான் போடுவார்கள். உன் பிள்ளைகள் பகலிலும் போடாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அந்த மாதத்து கரண்ட் பில்லை நீ கட்டு. வீடு மாற்றுகிறவர்கள் வழக்கமாக அவரவர் வீட்டுப் பில்லை அவரவரே கட்டுவார்களாம், ஆனால் இதில் அப்படிச் செய்தால் நியாயமில்லை.

நீ ஒரு கொப்பி எடுத்து உன் வீட்டைப் பற்றி எழுது. தமிழில் எழுது, அங்கிளுக்கு ஆங்கிலம் வரும், அன்ரிக்கு அவ்வளவாக வராது. பச்சைத் தொட்டியில் என்ன போடுவது, நீலத் தொட்டியில் என்ன போடுவது, எது எந்தக் கிழமை வாசலில் வைக்க வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது. புகை அலாரம் கத்தினால் எப்படி நிறுத்துவது என்றும் எழுது. கடுகு தாளித்தால் உங்கள் வீட்டில் அது கட்டாயம் கத்தும், பாவம் அவர்கள் பயந்துபோவார்கள். மேல் வீட்டுக் கொப்பியை அன்ரி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ட்ரிப் சுவிட்ச் எங்கே, சிலிண்டர் முடிந்தால் எந்தக் கடைக்கு எடுத்துச் சொல்வது, தண்ணீர் மோட்டர் எத்தனை மணிக்கு. கடல் பக்க யன்னலைப் பகலெல்லாம் திறந்து விடக் கூடாது என்று இரண்டு தரம் எழுதச் சொன்னார். மரைன் டிரைவ் உப்புக்காற்று பிணைச்சலைத் தின்றுவிடும், போன வருடம்தான் எல்லாம் மாற்றினார்கள்.

பாஸ்போர்ட், வீட்டு உறுதி, நகை எல்லாவற்றையும் ஒரு அலுமாரியில் வைத்துப் பூட்டு. அறைகளைப் பூட்டாதே. பூட்டிய அறை உள்ள வீட்டில் யாருக்கும் கால் நீட்டிப் படுக்க மனம் வராது. போவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து இரண்டு பக்கமும் அனுப்பிக்கொள்ளுங்கள். உடைந்தால் உடைத்தவர் அன்றைக்கே சொல்ல வேண்டும், வாங்கிக் கொடுக்க வேண்டும், அதோடு அந்தக் கதை முடிய வேண்டும். இதை அப்பா தன் கையாலேயே எழுதியிருக்கிறார், நாலு பேரும் கையெழுத்துப் போடலாம்.

ஜூலையில் இந்தப் பக்கத்துக் கடல் பொல்லாதது. தென்மேல் பருவக்காற்று செப்டெம்பர் வரை அடிக்கும். பிள்ளைகளை வெள்ளவத்தைக் கடலில் இறக்க விடமாட்டேன். நீந்த வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் இருக்கிற பாசிக்குடாவுக்குப் போவோம், அங்கே அந்த மாதத்தில் கடல் குளம் மாதிரி இருக்கும். மற்றபடி எங்கேயும் ஓட வேண்டாம். பெரியவன் காலையில் அப்பாவோடு சந்தைக்குப் போகட்டும். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதியால் வருவதை நீ சின்னதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தாய். நீங்கள் நிற்கும் நாளில் வந்தால் உன் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். அவர்களுக்கு விசா கிடைக்கும்வரை நீ டிக்கெட் எடுக்காதே. கைரேகை கொடுத்து, அவர்கள் மகளின் அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பம் போட வேண்டும். எவ்வளவு நாள் எடுக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கே தங்கப் போகிறார்கள் என்று அதில் எழுதுவதற்கு உன் விலாசம் வேண்டும். கிடைக்காவிட்டால், நீங்கள் வழமைபோல டிசம்பரில் வாருங்கள். நான் மனம் சோர மாட்டேன் என்று சொன்னால் பொய்.

மேல் வீட்டில் இப்போது மூன்றும் பெரிய ஆட்கள். ஒரு கதிரை இழுக்கிற சத்தம்கூடக் கேட்பதில்லை. இரவில் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்க்கிறபோது, அங்கே சின்னவள் ஓடுகிற சத்தம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு முன்னரே அவள் எழும்பி ஓடினாலும் நான் முழித்துத்தான் இருப்பேன். நான் ஐந்து மணிக்கு எழும்புகிறவள் என்று பெரியவனுக்குச் சொல்லு.

மருமகனோடு கதைத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல். அங்கிள் திங்கட்கிழமை விண்ணப்பம் நிரப்ப இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை, கொழும்பு