அந்தப் படத்தில் இருப்பது மாட்டு உண்ணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உண்ணிக் காய்ச்சல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கமெல்லாம் இந்தக் காய்ச்சல் தலைகாட்டும் என்பதால், வேண்டிய நேரத்தில் வந்த கட்டுரைதான். ஆனால் கூடவே போட்டிருந்த படம் மாட்டு உண்ணியுடையது. ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டைபோல் உப்பியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தொழுவத்து மாட்டையும் வீட்டு நாயையும் புரட்டிப் பார்த்துவிட்டு, உண்ணி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நோயைக் கொண்டுவருவது வேறு உயிர். அதன் உடலமைப்பும் வாழ்க்கையும் வேறு. விலங்கியல் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லும் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. அதை நம் உடலுக்குள் விடுவது டிராம்பிகுலிட் என்ற மிகச் சிறிய உண்ணி வகையின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அதன் நீளம். வெறும் கண்ணுக்கு அகப்படுவதே அபூர்வம். குஞ்சுக்கு ஆறு கால், வளர்ந்ததற்கு எட்டு. வளர்ந்தது மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்றுகொண்டு கிடக்கும், நம்மைத் தொடாது. குஞ்சு மட்டும், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எலியோ பெருச்சாளியோ வந்தால் ஏறிக்கொள்ளும். நாம் போய் உட்கார்ந்தால் நம்மேலும் ஏறும். அது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலை இறக்கித் தோலின் திசுவைக் கரைத்து, அந்தக் கரைசலைத்தான் உறிஞ்சுகிறது.

அந்த ஒரே ஒரு முறை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மைக் கடித்த குஞ்சு அதற்கு முன் யாரையும் கடித்ததில்லை. அப்படியானால் கிருமி அதற்குள் எப்படி வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த உண்ணிகளே கிருமியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அதனால் எலியை மட்டும் ஒழித்தால் நோய் ஒழிந்துவிடாது. புதரும் புல்லும் மண்டிய இடத்தில் வெறும் தரையில் உட்காராமல் இருப்பது, அங்கே துணி காயப்போடாமல் இருப்பது, காட்டு வேலை முடிந்து வந்ததும் தேய்த்துக் குளித்துத் துணி மாற்றுவது என்ற அறிவுரைகள் எல்லாம் இந்தக் குஞ்சின் வாழ்க்கையைப் பார்த்து வந்தவை. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு என்று நாம் பார்க்காத இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் இருந்தால் டாக்டருக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2023-இல் காட்டிய ஆய்வை முன்னின்று நடத்தியது நம் வேலூர் சி.எம்.சி.தான். மருந்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில், கடிப்பது யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் குஞ்சின் நெருங்கிய சொந்தத்தை நம்மில் பலர் சின்ன வயதில் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம். முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊர்ந்து வருமே, பட்டுத்துணி போர்த்தியதுபோல் சிவப்பாக ஒன்று, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது, அதுதான். அதன் குஞ்சுக்கும் ஆறு கால்தான், ஆனால் அது ஒட்டிக்கொள்வது பூச்சிகளின் மேல். மாட்டு உண்ணியோ இவற்றுக்கு வெகு தூரத்து உறவு. உண்மையில் அது உறவுதானா, எவ்வளவு தூரம் என்பதே இன்னும் வழக்கில் இருக்கிறது. மூதாய் இருக்கும் கிளையும் மாட்டு உண்ணி இருக்கும் கிளையும் ஒரே தாய்வழி வந்தவை அல்ல என்று மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் சில சொல்கின்றன. பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது.

இப்படி, சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் அடங்கிய எட்டுக்காலிகளின் குடும்ப மரத்தில் இன்னும் தீராத கேள்விகள் நிறைய. சிலந்தியும் தேளும் பார்க்க எவ்வளவு வேறு! ஆனால் இரண்டின் மூதாதையிடம் மரபணுத்தொகுதி முழுதும் ஒருமுறை இரட்டிப்பாகியிருக்கிறது, 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். 2017-இல் ஒரு வீட்டுச் சிலந்தியின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது இது தெரிந்தது. உண்ணிகளில் அந்தத் தடம் இல்லை. இரண்டுக்கும் புத்தகத் தாள்போல் அடுக்கடுக்கான புத்தக நுரையீரல் இருப்பதும் சும்மா இல்லை. தேளுக்கு நான்கு ஜோடி, டாரண்டுலா போன்ற பெருஞ்சிலந்திகளுக்கு இரண்டு, வீட்டில் பார்க்கும் சிலந்திகள் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில், 40 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறையில், சிலந்தியின் பழைய உறவு ஒன்றில் இதே நுரையீரல் அடுக்கடுக்காகக் கல்லாகி நிற்கிறது. 2018-இல் மியான்மரில் கிடைக்கும் அம்பர் என்ற கல்லாகிப்போன மரப்பிசினிலிருந்து, நூல் நூற்கும் உறுப்பும் நீண்ட வாலும் சேர்ந்த ஒரு உயிர் கிடைத்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னும் வால் உள்ள சிலந்தி உறவுகள் இருந்திருக்கின்றன! ஒடிசாக் கடற்கரைக்கு முட்டையிட வரும் குதிரைலாட நண்டும் இந்த எட்டுக்காலிக் கூட்டத்துக்குள்ளேயே அடங்கும் என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. மற்றவர்கள் மறுக்கிறார்கள். அது சரியென்றால், எட்டுக்காலிகள் கடலிலிருந்து ஒரே தடவையில் கரையேறின என்ற கதையை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வுக்கூட விஷயம் என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொயிசிலோதீரியா ரீகாலிஸ் என்ற அழகான மரச்சிலந்தியை, முன்கால்களின் அடியில் பளிச்சென்று மஞ்சள் காட்டி எச்சரிக்குமே, அதை 1899-இல் உலகுக்கு அறிவித்தவர் லண்டன் அருங்காட்சியகத்தின் போக்காக். அவர் கைக்குப் போனது பழைய வட ஆற்காட்டின் அரக்கோணத்தில் கிடைத்த சிலந்தி. ரயில் பிடிக்க அங்கே நிற்கும் எத்தனை விலங்கியல் மாணவர்களுக்கு இது தெரியும்?

கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாக நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டியது நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பதிலாகப் பல இடங்களில் சுவரில் ஒரு சார்ட் மாட்டியதோடு சரி. கணுக்காலிகளுக்கு அறுக்கவே வேண்டாம், அவையே தம் உடற்கூறைக் கழற்றி வைத்துவிட்டுப் போகின்றன. காலண்டருக்குப் பின்னால், ஓட்டுக்கடியில் கிடக்கும் சிலந்திச் சட்டையை, அதாவது அது வளரும்போது உரித்துப்போட்ட தோலை எடுத்து, சோப்பு கலந்த தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்து விரித்தால் போதும். கெலிசெரே என்ற முன்வாய் உறுப்பு, அதன் பல், கண்களின் இடம், எல்லாம் லென்ஸில் தெரியும். பெருஞ்சிலந்தியின் சட்டை என்றால் நுரையீரலின் உட்தோலும் வெள்ளையாகத் தெரியும், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லலாம். தேள் சட்டையில் வயிற்றடியில் இரண்டு சீப்புகள் இருக்கும், வேறு எந்த எட்டுக்காலிக்கும் கிடையாது. கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அதன்மேல் அடித்தால் பச்சை நீலமாக ஒளிரும்.

முன்னால் நண்டுபோல் கவ்வும் கொடுக்கையும் பின்னால் இருக்கும் வாலையும் பார்த்துத் தேளை அறிவதும் இந்தப் படிப்புதான். பெருத்த கொடுக்கும் மெலிந்த வாலும் உள்ள கருந்தேள் பயமுறுத்தும், ஆனால் பொதுவாக அதன் விஷம் குறைவு. மெல்லிய கொடுக்கும் தடித்த வாலும் கொண்ட செந்தேள்தான் இதயத்தைத் தாக்கிக் குழந்தைகளைக் கொல்வது. அதற்குப் பிரசோசின் மாத்திரை உதவும் என்று மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்தபடியே டாக்டர் பவாஸ்கர் கண்டு, 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். எந்தத் தேள் கொட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. எப்படிப்பட்ட தேள் என்று சொல்லத் தெரிந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழிலேயே அந்த ஆறுகால் குஞ்சின் பெரிதாக்கிய படத்தைப் போட்டு, மாட்டு உண்ணி படம் தவறு என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம், ஜவ்வாது மலை, அமிர்தி, ஏலகிரி பக்கம் காணும் தேள், சிலந்தி, உண்ணி வகைகளைப் படத்துடன் மாதம் ஒன்றாக அறிமுகப்படுத்த ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாணவர்கள் சேகரித்து வைத்திருக்கும் சட்டைகளின் நுண்ணோக்கிப் படங்களைக் கட்டணமில்லாமல் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.