டீ விலை ஏறியதற்காகவா ஒரு நாடு சண்டைக்குப் போனது? – தேர்வுக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தேர்வுகளுக்கு வரலாற்றுக் குறிப்புகள் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வேளைகளில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு வரியை வாசித்தாள். தேயிலைக்கு ஆங்கிலேயர் அதிக வரி போட்டதால் அமெரிக்கர்கள் புரட்சி செய்தார்கள் என்பது அந்த வரி. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "டீ விலை ஏறினதுக்கா சார் ஒரு நாடே சண்டைக்குப் போச்சு?" என்று கேட்டாள். அவள் சந்தேகப்பட்டது சரி. நீங்கள் எழுதிக் கொடுத்த வரிதான் தவறு.

1773-இல் தேயிலைச் சட்டம் வந்தபோது அமெரிக்காவில் தேயிலை விலை குறையவிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ராத்தல் (பவுண்டு எடை) தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, இங்கிலாந்தில் கட்ட வேண்டிய சுங்கத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. இடைத்தரகர் இல்லாமல் தன் முகவர்கள் மூலமே அமெரிக்காவில் விற்றுக்கொள்ளவும் அனுமதித்தது. கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை இறங்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கும் வரியை மட்டும், ராத்தலுக்கு 3 பென்ஸ், எடுக்காமல் விட்டார்கள். சிக்கல் அந்த 3 பென்ஸில் இருந்தது.

ஏன் என்று புரிய கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கும் செலவு. இங்கிலாந்தில் இருந்தவர்கள், அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த காலனிகளின் மக்களைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். உங்களைக் காக்கும் படைக்கு நீங்களும் கொஞ்சம் கொடுங்கள் என்று பிரதமர் கிரென்வில் கேட்டது அநியாயம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் லண்டனில் இருந்தவர்கள் எல்லாரும் வெறும் கொடியவர்களாகத் தெரிவார்கள்.

அவருடைய 1764 சர்க்கரைச் சட்டத்தைப் பாருங்கள். ரம் காய்ச்சப் பயன்படும் வெல்லப்பாகின் வரியை கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. பாதியாகக் குறைத்தும் எதிர்ப்பு வந்தது. பழைய வரியை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை, புதியதைக் கண்டிப்பாக வசூலிப்போம் என்றார்கள். மீறியவர்களை ஜூரி (ஊர்மக்களைக் கொண்ட நடுவர் குழு) இல்லாத கடல்வழக்கு நீதிமன்றத்தில் நிறுத்தவும் வழி செய்தார்கள். பாஸ்டன் வணிகர் ஒருவர் தன் ஊர்க்காரர்கள் முன் வாதாட முடியாமல், தொலைவில் ஹாலிஃபாக்ஸில் ஒற்றை நீதிபதி முன் நிற்க நேரலாம் என்ற நிலை. 3 பென்ஸைவிட இதுதான் அவர்களைச் சுட்டது.

அடுத்து 1765-இன் முத்திரைச் சட்டம். பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் வாங்குகிற நமக்கு இது எளிதில் விளங்கும். வழக்குத் தாள், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, பட்டச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை. வக்கீல், அச்சகக்காரர், மதுக்கடைக்காரர் ஆகிய மூவரையும் ஒரே நேரத்தில் கோபப்படுத்திய சட்டம் அது. ஊரில் அதிகம் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் அவர்கள்தான். பேச்சு கூடும் இடமும் மதுக்கடைதான். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரை விற்பனையாளர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவி விலகினார். அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். நவம்பர் 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முத்திரை விற்க ஏறக்குறைய ஆளே இல்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை, அவர்கள் வரி கட்டவில்லையா என்று லண்டன் கேட்டது. காலனி மக்களிடம் பதில் இருந்தது: எங்களுக்குச் சொந்தச் சட்டமன்றங்கள் இருக்கின்றன, எங்கள் வரியை நாங்களே விதித்துக்கொள்கிறோம். வர்ஜீனியாவின் மன்றம் 1619-இலேயே கூடியது. "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்துக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. 1766 மார்ச்சில் முத்திரைச் சட்டத்தை ரத்து செய்தார்கள். கூடவே, காலனிகளுக்காக எந்த விஷயத்திலும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் போட்டுவைத்தார்கள்.

குறிப்பேடுகளில் நான் பார்க்கவே பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. கவர்னருக்கும் நீதிபதிக்கும் யார் சம்பளம் கொடுப்பது? பல காலனிகளில் சட்டமன்றம்தான் கொடுத்தது. கவர்னர் அடாவடி செய்தால் சம்பளத்தை நிறுத்தி வழிக்குக் கொண்டுவரலாம். மக்கள் கையில் இருந்த கடிவாளம் அது. 1767-இல் பிரிட்டனின் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கண்ணாடி, காகிதம், ஈயம், பெயிண்ட், தேயிலைக்கு வரி போட்டபோது, அந்தப் பணத்திலிருந்து இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்தார். கடிவாளம் போய்விட்டது. 1770-இல் மற்ற வரிகளை நீக்கித் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது 1773-க்கு வாருங்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனின் சம்பளம் சுங்கப் பணத்திலிருந்து வந்தது. கம்பெனியின் தேயிலை முகவர்களில் இருவர் அவருடைய மகன்கள். நியூயார்க்கும் பிலடெல்பியாவும் தங்களுக்குப் பின்னர் வந்த தேயிலையை இறக்கவிடாமல் கப்பலைத் திருப்பி அனுப்பின. பாஸ்டனில் வரி கட்டாமல் கப்பல் வெளியேறக் கூடாது என்று ஹட்சின்சன் பிடிவாதமாக இருந்தார். வரி கட்டுவதற்கான கெடு முடியும் முன், டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. அத்தனையும் சீனத் தேயிலை. (இந்தியத் தேயிலை என்றும் ஒரு குறிப்பில் பார்த்தேன். அதையும் திருத்துங்கள்.) கடத்தல்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் இதில் சொந்த லாபம் இருந்தது உண்மை. ஆனால் மலிவான டீயைக் குடித்தால் அந்த 3 பென்ஸை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயமும் உண்மை.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. முத்திரைச் சட்டம் வந்த அதே 1765-இல்தான் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. 1770-இல் அங்கே கொடும் பஞ்சம். அந்தச் செய்தி அமெரிக்கா வரை போனது. 1773 இறுதியில் பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன், வங்காளத்தில் கம்பெனி செய்ததையும் பஞ்சத்தில் செத்தவர்களையும் சொல்லித்தான் தேயிலையை எதிர்த்து எழுதினார். உங்கள் குறிப்புகளில் இந்தியப் பகுதி ஒரு பக்கம், அமெரிக்கப் பகுதி வேறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரே கம்பெனி நிற்பது எங்கும் வரவில்லை.

சுதந்திரம் கேட்டவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த அடிமைகளின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 1776 ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர அறிக்கையில், சம்மதம் இல்லாமல் வரி போட்டது மன்னர் மேல் வைத்த நீண்ட புகார்ப் பட்டியலில் ஒரே ஒரு வரி. ஜூரி விசாரணையைப் பறித்ததும், நீதிபதிகளின் சம்பளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டதும் அதே பட்டியலில் இருக்கின்றன.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த பதிப்பில் "அதிக வரி" என்பதை எடுத்துவிட்டு, "தங்கள் சம்மதம் இல்லாத வரி" என்று போடுங்கள். பக்கத்திலேயே 1765 திவானி என்று ஒரு வார்த்தை சேருங்கள். நான் இதைச் சொன்னதும் அந்த மாணவி தன் குறிப்பேட்டில் பேனாவால் திருத்திவிட்டாள். மற்ற பிள்ளைகளிடம் இருப்பது நீங்கள் அச்சிட்டது.

அன்புடன்,
நூலகத்தில் வரலாறு சொல்லித்தரும் ஓர் ஆசிரியர்