கொலம்பஸிலிருந்து சுபேதாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுபேதாருக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். உன் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி தொலைபேசியில் சொன்ன பிறகுதான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று, அமெரிக்கப் படையின் முன்னாள் வீரரான நம் குதிரைவால் தாத்தாவைப் பற்றியது.

தாத்தாவின் மனு ஏற்கப்பட்டுவிட்டது! போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்று என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கண்ணாடியில் குறையில்லை, கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நீரிழிவும் இரத்த அழுத்தமும் படைப்பணியால் வந்தவை என்று ஏற்றுக்கொண்டு, மாதந்தோறும் இழப்பீடும் அந்நோய்களுக்கான மருத்துவமும் வழங்குவதாக அதில் இருந்தது.

வியட்நாம் போரின்போது அவர் தாய்லாந்தில் இருந்த விமானத் தளம் ஒன்றில் சமையற்காரராக இருந்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். அவருடைய மக்காச்சோள ரொட்டியை நீ நான்காவது முறை கேட்டு வாங்கிய அன்று சொன்னாரே, அந்தக் கதைதான். அந்தத் தளங்களின் வேலியோரத்தில் புதர் மண்டாதிருக்கக் களைக்கொல்லி தெளித்தார்கள். தம் நீரிழிவு அந்தக் களைக்கொல்லியால் வந்ததென்று 2011இல் அவர் மனுச் செய்தபோது, வேலியோரக் காவலில் நின்றவர்களுக்கே சலுகை பொருந்தும், சமையற்கட்டில் நின்றவருக்குப் பொருந்தாது என்று திருப்பிவிட்டார்கள். அந்த மறுப்புக் கடிதத்தையும், இங்கே எல்லோரும் டி.டி. 214 என்று சொல்லும் பணிவிடுப்புச் சான்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியவர், நான் போய்க் கேட்கும்வரை அதைத் திறக்கவே இல்லை.

அந்த டப்பாவைத் திறக்க வைத்தது, பணியில் நச்சுப் பொருள்களுக்கு ஆளான முன்னாள் வீரர்களுக்காக 2022இல் வந்த பாக்ட் சட்டம். அதன் முழுப் பெயரில் இருக்கும் ஹீத் ராபின்சன் எங்கள் ஒஹையோ மாநிலத்தின் தேசியக் காவற்படை வீரர். இராக்கில் எரிகுழிப் புகையைச் சுவாசித்துத் திரும்பி, 2020இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். முகாமின் பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு, மின்கலம், வண்ணப்பூச்சு எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவதே எரிகுழி. பாக்தாதுக்கு வடக்கே பலாத் தளத்தில் இருந்த குழி பத்து ஏக்கர் பரப்புடையது. ராபின்சன் இறந்த பிறகும் அவருடைய மாமியார் ஓயாமல் வாஷிங்டனுக்குப் போய் வந்தார். 2022 ஜூலை 27 அன்று மேலவை மசோதாவை மேலே நகரவிடாமல் நிறுத்தியபோது, முன்னாள் வீரர்கள் அந்த வெயிலிலும் நாடாளுமன்றப் படிகளை விட்டு நகராமல் இரவும் பகலும் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. 10ஆம் தேதி பைடன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் என் மனத்தைத் தொட்டது பணத்தொகை அல்ல. இன்ன இடத்தில் இன்ன காலத்தில் பணியாற்றியவருக்கு இன்ன நோய் வந்தால், அது பணியால் வந்ததென்றே அரசு கொள்ள வேண்டும். நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. எந்த நாள் எந்தப் புகை எந்த மூச்சில் போயிற்று என்பதற்கு ஒரு சிப்பாய் எங்கே போய்ச் சாட்சி தேடுவான், சொல்! இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் அப்படிப் பட்டியலில் ஏறின. இரத்த அழுத்தமும் ஏறியது. தாய்லாந்தின் எந்தத் தளத்தில் எந்த வேலையில் இருந்தவரானாலும் சரி என்று ஆனபோது, சமையற்கட்டுக்கும் வேலிக்கும் இருந்த பேதம் அற்றுப்போனது.

இவ்வளவும் மகிழ்ச்சி. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராமற்போனதற்குக் காரணம் அவருடைய மகன்.

மகனும் படைவீரர்தான், பலாத்தில் இருந்தவர். ஆஸ்துமாவுக்கான இழப்பீடு இந்தச் சட்டத்தால் அவருக்கும் கிடைக்கிறது. கல்வியில்தான் கதவு சாத்திக்கொண்டது. 2008இல் வந்த கல்விச் சட்டப்படி 36 மாதப் படிப்புச் செலவுக்கு அவர் முழு உரிமை பெற்றவர். ஆனால் 2010இல் படையை விட்டு வந்ததும் குடும்பத்தைக் காப்பாற்ற லாரி ஓட்டப் போனார், படிக்கவில்லை. பயன்படுத்தப் பதினைந்து ஆண்டுக் கெடு. 2017இல் அந்தக் கெடுவையே நீக்கினார்கள், ஆனால் 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பணி முடித்தவர்களுக்கு மட்டும். இவருடைய கெடு 2025இல் தீர்ந்துபோனது. மகள் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்றால், மாற்றுவதைப் பணியில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டுமாம். தகப்பன் நிரந்தரமாக, முழுமையாக முடங்கிவிட்டால் பிள்ளைக்கு வேறொரு கல்வி உதவி உண்டு. “அப்படியென்றால் என் அப்பாவுக்கு இன்னும் மோசமாக வேண்டுமா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

நோய் விஷயத்தில் “நீ நிரூபிக்க வேண்டாம், நாங்கள் நம்புகிறோம்” என்று சொல்லத் தெரிந்த நாடு, படிப்பு விஷயத்தில் நாட்காட்டியைக் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் 1944இல் கையெழுத்திட்ட சட்டத்தால், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் 78 லட்சம் பேர் கல்லூரியிலும் தொழிற்பயிற்சியிலும் சேர்ந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தருவதாக வாக்களித்த பணத்தைக் கேட்டு வந்த முதல் உலகப் போரின் வீரர்களைத் தலைநகரிலிருந்து அதே நாட்டு ராணுவமே விரட்டியது. மனம் மாறவும் சட்டம் மாறவும் பன்னிரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. 2012 டிசம்பரில் பணி முடித்தவனுக்கும் 2013 ஜனவரியில் முடித்தவனுக்கும் புகையில் என்ன வித்தியாசம்? எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன், விடமாட்டேன்.

ஒஹையோவில், நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியிலும் முன்னாள் வீரர்களுக்கென்று ஓர் உதவி அலுவலகம் உண்டு. வியாழக்கிழமை மகனை அங்கே அழைத்துப் போகிறேன். கெடு முடிவதற்குள் படிக்க முடியாதபடி அவருடைய உடல்நிலையே தடுத்திருந்தால், காலத்தை நீட்டித்துக் கேட்க விதி இருக்கிறது. நுரையீரல் மருத்துவரின் பழைய குறிப்புகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீயும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் உன் ஈ.சி.எச்.எஸ். அட்டையை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, “இன்னும் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும்” என்று சொல்லாதே. தாத்தாவும் அதையேதான் பத்து வருடம் சொன்னார். அது உன் பங்களிப்பும் உன் பணியும் சேர்ந்து வாங்கிய உரிமை. முழங்கால் தேறியதும் போய்க் கண்ணையும் காட்டிவிட்டு எனக்கு எழுது.

தாத்தா உன் மாவடுவைக் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு உப்பு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சின்ன பாட்டிலாக அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்