முலாமுக்கு மைக்ரான் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஜிங்க் பிளேட்டிங், அதாவது இரும்புச் சாமான்களுக்கு மின்சாரம் பாய்ச்சித் துத்தநாக முலாம் ஏற்றும் வேலையில் இருப்பவன் நான். ஏற்காட்டில் மழைக்காலம் முடிந்ததும் பட்டறைக்கு வரும் சாமான்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கேட் கீல், பைப் கிளாம்ப், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டின் போல்ட் என்று எல்லாமே புதிதாகப் பூட்டியவை, அதற்குள் துரு. "பிளேட்டிங் போட்டதுதானே, ஏன் இப்படி ஆச்சு?" என்கிறார்கள். போட்டதுதான். எவ்வளவு போட்டது என்றுதான் வாங்கும்போது யாரும் கேட்கவில்லை.

துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்தால்கூடப் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் அந்த இடத்துக்கும் சேர்த்துத் தேயும். நிக்கல், குரோம் முலாமுக்கு இந்தக் குணம் கிடையாது. அதில் ஊசித்துளை விழுந்தால் அடியில் இருக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். ஆக, துத்தநாகம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆயுள். கடையில் பளபளக்கும் சாதாரண போல்ட்டில் பெரும்பாலும் 5 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்கில் பொதுவாக 45 முதல் 85 மைக்ரான் வரை ஏறும். மேலே தெரியும் நீலச் சாயலும் மஞ்சளும் பாசிவேஷன், அதாவது முலாம் ஏறிய பிறகு முக்கி எடுக்கும் ரசாயனக் கரைசல் கொடுக்கும் நிறம். அதை வைத்துத் தடிமனைச் சொல்ல முடியாது.

ஒரு போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தலையின் விளிம்பில் நன்றாகப் பிடித்திருக்கும். மரையின் பள்ளத்தில் மெலிந்திருக்கும். மின்சாரம் விளிம்பைத் தேடிப் போகும், குழிக்குள் அவ்வளவாக இறங்காது. முதலில் வெள்ளைப் பொடி பூக்கிறதே, அது துத்தநாகம் அரிபடுவது. அப்புறம் சிவப்பு எட்டிப் பார்த்தால் இரும்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் தொடங்கும்.

இதில் கோளாறு கிலோ ரேட்டில் இருக்கிறது. சின்னச் சாமான்களை மொத்தமாகப் பேரலில் (சுழலும் பீப்பாயில்) போடும் வேலைக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. முலாம் ஏறுவதோ, பாய்ச்சும் மின்சாரத்தையும் தொட்டியில் வைத்திருக்கும் நேரத்தையும் பொறுத்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னால் பட்டறைக்காரர் எதைக் குறைப்பார்? தொட்டியில் இருக்கும் நிமிஷத்தைத்தான். எண்ணெய் போகக் கழுவுவதும், ஆசிட்டுக்குப் பிறகு அலசுவதும் அதே அவசரத்தில் நடக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவில் கை வைத்தால் இன்னும் மோசம். சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊருக்குள் ஓடி வரும் திருமணிமுத்தாறு ஏற்கெனவே பட்டபாடு போதும்.

லாரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தலையில் 12.9 என்று பொறித்த உயர் வலு போல்ட்டை ஆசிட்டில் முக்கிப் பிளேட்டிங் செய்யும்போது ஹைட்ரஜன் உள்ளே நுழைந்து எஃகை எளிதில் உடையும்படி ஆக்கிவிடும். நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது; இறுக்கிப் பூட்டிய பிறகு, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை பட்டென்று தெறித்துவிடும். துருவாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இத்தனை லாரிகள் ஓடும்போது இந்த வேலையைக் கிலோ ரேட்டில் பேரம் பேசக் கூடாது.

மைக்ரானை அளப்பது கஷ்டமே இல்லை. இரும்பின் மேல் வைத்தால் நொடியில் காட்டும் கையடக்கக் கருவி இருக்கிறது. பட்டறையில் வேலை கொடுப்பவர்கள் பில்லில் மைக்ரானை எழுதி வாங்கட்டும். ஹார்டுவேர் கடைக்காரர்கள் பெட்டி மேல் அந்த எண்ணை அச்சிடச் சொல்லிக் கம்பெனிகளைக் கேட்கட்டும். ஏற்காட்டில் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் மலைப்பாதைத் தடுப்புக்கும் டெண்டர் விடும் அதிகாரிகள், "துத்தநாகம் பூசியது" என்று மொட்டையாக எழுதாமல், "ஹாட் டிப், குறைந்தது இத்தனை மைக்ரான்" என்று எழுத வேண்டும். அந்த அளவு இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே பில்லைப் பாஸ் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பிளேட்டிங் தொழிலாளி ஒருவர்,
சேலம்